புழு மனையில் கண்ட உயிர்ச்செயல்கள்

பட்டுப்புழு முட்டையைவிட்டு வெளியே வரும்போது அதன் எடை ஏறக்குறைய அரை மில்லிகிராம். கறுத்து, உடலெங்கும் மயிர் சிலிர்த்து, ஒரு கண்ணிமை மயிரின் நீளம்கூட இல்லாமல் இருக்கும். நான்கு வாரத்துக்குள் அதே புழு வெளுத்து வழவழத்து, விரல் நீளத்துக்கு வளர்ந்து, நான்கு கிராமைத் தாண்டிவிடுகிறது. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு வளர்ச்சி. உணவூட்டம், செரிமானம், சுவாசம், கடத்தல், கழிவுநீக்கம், வளர்ச்சி, தூண்டலும் துலங்கலும், இனப்பெருக்கம் என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயமாக வைக்கும் உயிர்ச்செயல்கள் அத்தனையும் ஒரே கூரையின் கீழ், வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி நடந்து முடிகின்றன. 1980களில் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் புழு வளர்த்த வீடுகளின் பிள்ளைகள் இவற்றைப் பள்ளியில் படிப்பதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். இங்கே விவரிக்கப்படுவது அப்படி ஒரு வீட்டின் நினைவு.

அது ஓட்டு வீடு. அதில் பெரிய அறை நீளமான கூடம் ஒன்றுதான். புழு வந்துவிட்டால் கூடம் புழுவுக்கு, திண்ணை மனிதருக்கு. முட்டை வருவதற்கு முந்திய வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஃபார்மலின் தெளித்து, கதவையும் சன்னலையும் அடைத்துவைப்பார்கள். வட்டமான மூங்கில் தட்டுகள் சாணம் மெழுகப்பட்டு வெயிலில் காயும். தட்டுகளை அடுக்கும் தாங்கிகளின் கால்கள் நீர் நிரம்பிய கிண்ணங்களுக்குள் நிற்கும். எறும்பு ஏறிவிடக் கூடாது. வீட்டில் கொசுவத்தி ஏற்ற மாட்டார்கள். அதன் புகை கொசுவைக் கொல்வதுபோலவே புழுவையும் கொல்லும். பிள்ளைகள் கொசுக்கடியோடு திண்ணையில் தூங்கினார்கள்.

முட்டைகள் தாளில் ஒட்டிய அட்டைகளாக வந்தன. அட்டையில் வட்டம் வட்டமாக முட்டைகள் பரவியிருக்கும். ஒரு வட்டம் ஒரு தாய் அந்துப்பூச்சி இட்டது; அதில் நானூறு முட்டை அளவுக்கு இருக்கும். கடுகைவிடச் சிறிய அந்த முட்டையும் மூச்சு விடுகிறது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியே வருகின்றன. காற்று வறண்டால் நீர் மிகுதியாகப் போய்க் கரு உலர்ந்துவிடும். அதனால் அட்டைகளைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கும். ஒரு வாரம் கழிந்த பிறகு ஒவ்வொரு முட்டையிலும் ஊசிமுனையளவு கரும்புள்ளி தோன்றும். அது உள்ளே உருவாகிவிட்ட புழுவின் தலை. பொரிப்பதற்கு முந்திய நாள் முட்டை முழுவதும் நீலம் பாரித்துவிடும்.

கரும்புள்ளி கண்டதும் அட்டைகளைக் கறுப்புத் துணியில் சுற்றி இருட்டில் வைப்பது வழக்கம். முந்திக்கொண்ட புழுக்கள் இருட்டில் பொரியாமல் தங்கும். பிந்தியவை அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். குறித்த நாளின் விடியலில் துணியை விலக்கி வெளிச்சம் காட்டினால் ஏறத்தாழ எல்லாம் அந்தக் காலையிலேயே பொரித்துவிடும். நூறு தாய்களின் முட்டை வாங்கியிருந்தால் ஒரே காலையில் நாற்பதாயிரம் உயிர்கள். ஒளி என்னும் தூண்டலுக்கு உயிர் காட்டும் துலங்கலை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆய்வகம் எந்தப் பள்ளியிலும் இருந்ததில்லை.

பொரித்த புழு முதலில் தேடுவது இலையை. மல்பெரி இலையின் மணத்திலுள்ள சிஸ்-ஜாஸ்மோன் என்ற சேர்மத்தை அது மிக நுட்பமாக மோப்பம் பிடிக்கிறது. அதற்கென்றே அமைந்த மண உணர்வி ஒன்று அதனிடம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். தளிர் இலையைப் பொடியாக நறுக்கி அட்டையின்மேல் தூவியதும் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக இலைமேல் ஏறுவதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறியதும் பாட்டி அவற்றைக் கோழி இறகால் தட்டுக்குத் தள்ளுவாள். விரல் பட்டால் நசுங்கிவிடும் பருவம் அது.

மல்பெரி இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலில் சர்க்கரையின் வடிவத்தை ஒத்த ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. மற்றப் புழுக்கள் அதைத் தின்றால் அவற்றின் சர்க்கரைச் செரிமான நொதிகள் முடங்கி, வளர்ச்சி நின்று, சாகும். பட்டுப்புழுவின் நொதிகள் முடங்குவதில்லை. பிறவற்றுக்கு நஞ்சாக இருக்கும் இலையைத் தனக்குரிய ஒரே உணவாக அது ஆக்கிக்கொண்டது. பரிணாமத்தைப் பற்றி எத்தனை எடுத்துக்காட்டு சொன்னாலும் வேலியோரத்தில் கிள்ளிப் பார்க்கக் கிடைக்கும் இந்த எடுத்துக்காட்டுக்கு ஈடில்லை.

புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய நீர் முழுவதும் இலையிலிருந்தே கிடைக்கிறது. நல்ல இலையின் எடையில் முக்கால் பங்கை ஒட்டி நீர்தான். வெயில் ஏறிய பிறகு பறித்த இலை வாடிப்போயிருக்கும். வாடிய இலை தின்ற புழு வயிறு நிறைந்தும் தாகத்தில் தேங்கும். ஆகவே இலை பறிப்பது விடியலிலும் அந்தியிலும். பறித்த இலைமேல் நனைத்த சாக்கு போர்த்தியிருக்கும். அதேபோல் மழையில் நனைந்த இலையையும் அப்படியே போட மாட்டார்கள். ஈரம் தட்டில் தங்கினால் நோய் வரும். மழைக்காலத்தில் இலையைத் திண்ணையில் விரித்து ஈரம் போக உலர்த்தும் வேலை பிள்ளைகளுக்கு.

புழுவின் வாழ்க்கை ஐந்து பருவம், நான்கு தோலுரிப்பு. முதல் நான்கு பருவங்களிலும் சேர்த்துத் தின்பது மொத்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளில் தின்று தீர்க்கிறது. நூறு தாய்களின் முட்டைத்தொகுதிக்கு ஒரு டன்னை ஒட்டி இலை வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் யாரும் முழு இரவு உறங்கியதில்லை. நள்ளிரவில் அரிக்கேன் விளக்கோடு இலை போடுவார்கள். போட்ட சிறிது நேரத்தில் எல்லாத் தட்டுகளிலிருந்தும் கடிக்கும் ஓசை எழும். ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் அது கூடம் முழுவதும் நிறைந்திருக்கும். அந்த ஓசை குறைந்தால் திண்ணையில் படுத்திருந்த பாட்டிக்கு விழிப்பு வந்துவிடும்.

தின்ற இலை போய்ச் சேரும் நடுக்குடலின் சாறு கடுமையான காரத்தன்மை கொண்டது; அதன் பிஎச் பத்தை ஒட்டியிருக்கும். மனித இரைப்பை அமிலத்தால் செய்யும் வேலையைப் புழு காரத்தால் தொடங்குகிறது. இலையின் புரதம் அங்கே அமினோ அமிலங்களாக உடைந்து குடற்சுவர் வழியாக உடல்நீருக்குள் செல்கிறது. ஐந்தாம் பருவத்தில் அவற்றில் பெரும்பகுதி பட்டுச் சுரப்பிக்கே போய்விடுகிறது. செரியாமல் எஞ்சுவது புழுக்கையாக வெளியேறும்.

சுவாசத்துக்குப் பட்டுப்புழுவிடம் நுரையீரல் இல்லை. உடலின் இரு பக்கமும் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள் தெரியும், பக்கத்துக்கு ஒன்பது. அவை மூச்சுத்துளைகள். அங்கிருந்து கிளைத்துக் கிளைத்து நுண்ணியதாகும் மூச்சுக்குழல்கள் ஆக்சிஜனை நேராகத் திசுக்களுக்கே கொண்டுசேர்க்கின்றன. குருதியின் துணை வேண்டியதில்லை. இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி பட்டுப்புழுவை அறுத்துப் பார்த்து எழுதிய நூலை லண்டன் ராயல் சொசைட்டி 1669-இல் வெளியிட்டது. ஒரு பூச்சியின் உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியால் முழுமையாக விவரித்த முதல் நூல்களில் ஒன்று அது. மூச்சுக்குழல்களை அவர் அதில் வரைந்து காட்டினார். மூச்சுத்துளைகளில் எண்ணெய் பூசினால் புழு இறப்பதையும் சோதித்துச் சொன்னார்.

தேன்கனிக்கோட்டைப் பாட்டிக்கு மால்பிகியைத் தெரியாது. ஆனால் கூடத்துக்குள் கால் வைத்ததும் காற்றின் கனத்தை உணர்ந்து, "சன்னலைத் தொறடா, புழுவுக்கு மூச்சு முட்டுது" என்பாள். நாற்பதாயிரம் புழுக்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும் அறை அது. அடியில் இலைக்குச்சியும் புழுக்கையும் நொதித்து வெப்பத்தையும் அம்மோனியாவையும் கிளப்பும். இளம்புழுவுக்கு 27 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரமும் வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும் ஓடும் காற்றும் வேண்டும். புழுவுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் திறன் இல்லை. அறை சூடானால் உடலும் சூடாகும், உள்ளே நடக்கும் வினைகள் விரையும். குளிர்ந்தால் எல்லாம் மந்தமாகும். அடுப்புக்கரிச் சட்டியை வைப்பதும் எடுப்பதும், சன்னல் சாக்கை நனைப்பதும் விலக்குவதுமாக நாற்பதாயிரம் உடல்களின் வெப்பத்தை அந்த வீட்டார் வெளியே இருந்து காத்தார்கள்.

குருதியோட்டத்தைக் காணக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் பருவப் புழுவை உள்ளங்கையில் வைத்து முதுகைப் பார்த்தால் தோலுக்கடியில் ஒரு கோடு பின்னிருந்து முன்னாகத் துடித்துத் துடித்து ஓடும். அதுதான் அதன் இதயம்: உடலின் நீளத்துக்கும் முதுகையொட்டிச் செல்லும் ஒரே குழாய். பின்பக்கம் உடல்நீரை உள்வாங்கித் தலைப்பக்கம் கொட்டுகிறது. கொட்டிய நீர் உறுப்புகளுக்கிடையில் தடையில்லாமல் பரவித் திரும்புகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை இல்லாததால் அந்த நீர் சிவப்பாக இல்லை. உணவுச் சத்தையும் ஹார்மோன்களையும் கழிவையும் மட்டும் அது எடுத்துச் செல்கிறது. எட்டாம் வகுப்பில் இதயத்துக்கு நான்கு அறைகள் என்று படித்த அந்த வீட்டுப் பெண், அறையே இல்லாத இதயம் ஒன்று துடிப்பதைத் தினமும் மாலையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழிவை உடல்நீரிலிருந்து பிரிக்கும் நுண்குழல்களுக்கு மால்பிகியின் பெயரே நிலைத்துவிட்டது. நைட்ரஜன் கழிவைப் புழு யூரிக் அமிலமாக மாற்றுகிறது. யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது. ஆகவே மிகக் குறைந்த நீரோடு அதைக் கெட்டியாக வெளியேற்ற முடிகிறது. நீரை இலையிலிருந்து மட்டுமே பெறும் ஓர் உயிருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வெளியேறும் புழுக்கை கறுத்து உலர்ந்து, நீளவாக்கில் வரி வரியாக வார்த்தெடுத்த அழகோடு இருக்கும். புழுக்கை உதிரியாகவும் உலர்ந்தும் இருந்தால் புழுவுக்கு நலம். ஒட்டினால், இளகினால் நோய். தட்டைச் சுத்தம் செய்யும்போது பாட்டி அதை விரலில் தேய்த்துப் பார்ப்பது இதற்குத்தான். வலையை விரித்து அதன்மேல் புது இலை போட்டால் புழுக்கள் மேலே ஏறிவிடும். வலையோடு தூக்கி வேறு தட்டில் வைத்துவிட்டு, பழைய தட்டின் கழிவை எருக்குழிக்குக் கொண்டுபோவார்கள். அந்த எரு மல்பெரித் தோட்டத்துக்கே திரும்பிப் போகும்.

அசைவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்பில் மூன்று இணைக் கால்கள், வயிற்றில் நான்கு இணை, கடைசியில் ஓர் இணை எல்லாம் இருந்தும் பட்டுப்புழு தட்டின் விளிம்பைத் தாண்டிப் போவதில்லை. சில ஆயிரம் ஆண்டுகள் மனிதர் கையிலேயே வளர்ந்ததில் அலையும் பழக்கம் அற்றுவிட்டது. மரத்தில் விட்டால் அதற்குப் பிழைக்கத் தெரியாது.

வளர்ச்சிதான் வீட்டாரை மிகவும் கவலைக்குள்ளாக்கிய உயிர்ச்செயல். புழுவின் தோல் ஓரளவுக்கே விரியும். தலையின் ஓடு சிறிதும் விரியாது. ஆகவே குறிப்பிட்ட நாளில் புழு தின்பதை நிறுத்தி, தட்டில் மெல்லிய பட்டிழை விட்டுப் பின்கால்களை அதில் கோத்துக்கொண்டு, தலையைத் தூக்கியபடி ஒரு நாளை ஒட்டி அசையாமல் நிற்கும். உள்ளே புதுத் தோலும் பெரிய தலை ஓடும் உருவாகும். பிறகு பழைய தலை ஓடு கழன்று விழ, புழு முன்னே ஊர்ந்து பழைய தோலிலிருந்து வெளியே வரும். கோத்துவைத்த இழை பழைய தோலைப் பிடித்துக்கொள்வதால்தான் அதனால் உருவிக்கொண்டு வர முடிகிறது. வெளித்தோல் மட்டும் உரிவதில்லை. மூச்சுக்குழல்களின் உள்ளுறையும் சேர்ந்தே கழல்கிறது.

அந்த ஒரு நாளில் தட்டைத் தொடக் கூடாது. படுக்கை உலரச் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு எல்லாரும் விலகிவிடுவார்கள். முதலில் உரித்து எழுந்த புழுக்கள் பசியோடு தலையை ஆட்டித் தேடும். ஆனாலும் இலை போட மாட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் எழுந்த பிறகே இலை. முந்தியவற்றுக்கு இலை போட்டால் தட்டு இரண்டு வயதாகப் பிரிந்துவிடும். அடுத்த தோலுரிப்பில் ஒரு பாதி தின்றுகொண்டும் மறு பாதி நின்றுகொண்டும் இருக்கும். நிற்பவை இலைக்கடியில் புதைந்து சாகும். பசித்த உயிருக்கு முன்னால் இலைக்கூடையை வைத்துக்கொண்டு காத்திருப்பது பிள்ளைகளால் தாங்க முடியாததாக இருந்தது.

தோலுரிக்கும் காலத்தைக் குறிப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன். ஜெர்மனியின் அடால்ஃப் பூடெனாண்ட், பீட்டர் கார்ல்சன் இருவரும் 1954-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். அதோடு இளம்பருவ ஹார்மோன் என்று இன்னொன்று உண்டு. அது உடலில் நிறைந்திருக்கும்வரை தோல் உரித்த புழு மறுபடியும் புழுவாகவே எழும். ஐந்தாம் பருவத்தில் அது வற்றிவிடுகிறது. அடுத்து வரும் எக்டைசோன் அலை புழுவைக் கூட்டுப்புழுவாக்குகிறது.

எல்லா வளர்ப்பும் கூடு வரை வந்ததில்லை. ஒரு குளிர்ந்த மழைக்காலத்தில் தட்டுத் தட்டாகப் புழுக்கள் விறைத்து, சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்துக் கிடந்தன. அது பூஞ்சை நோய். 1835-இல் இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி இந்த நோய்க்குக் காரணம் புழுவின் உடலில் வளரும் ஒரு நுண்ணுயிர்தான் என்று நிறுவினார். விலங்கு நோய் ஒன்றுக்கு நுண்ணுயிர் காரணம் என்று காட்டப்பட்டது அதுவே முதல் முறை. விறைத்த புழுவின்மேல் படிந்த வெள்ளைப் பொடி பூஞ்சையின் வித்துகள். அந்தப் பூஞ்சையும் உண்டது, வளர்ந்தது, பெருகியது. அந்தப் பருவத்துக் கடனை அடைக்க அடுத்த இரண்டு வளர்ப்பின் பணம் போயிற்று.

நல்ல வளர்ப்பில் ஐந்தாம் பருவத்தின் முடிவில் புழு பழுக்கும். தின்பதை நிறுத்தி, உடல் சுருங்கி, ஒளி ஊடுருவும் மஞ்சளாகித் தலையைத் தூக்கித் தடவும். அதன் எடையில் கால் பங்குக்கு மேல் அப்போது பட்டுச் சுரப்பிதான். பழுத்தவற்றைப் பொறுக்கிச் சந்திரிகையில் விடுவது ஊரே கூடும் வேலை. மூங்கில் பாயில் சுருள் சுருளாகப் பின்னல் வைத்த சந்திரிகையை வாசல் நிழலில் சாய்த்து நிறுத்துவார்கள். கூடு கட்டுமுன் புழு குடலைக் காலி செய்து கடைசியாகச் சிறுநீரையும் விடும். சாய்த்து வைத்தால் அது வழிந்து கீழே போகும், காற்றும் புகும். ஈரம் தங்கிய கூட்டின் இழை நூற்கும்போது அறுந்துகொண்டேயிருக்கும்.

பட்டு பிதுக்கி வெளியே தள்ளப்படுவதில்லை. இரண்டு சுரப்பிகளில் கூழாக இருக்கும் ஃபைப்ராயின் என்ற புரதம் வாயருகே ஒன்றுசேர்ந்து, செரிசின் என்ற பசை பூசப்பட்டு வருகிறது. அதன் முனையை ஓரிடத்தில் ஒட்டிவிட்டுப் புழு தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுவையில் கூழ் இழையாகக் கெட்டிப்படுகிறது. தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் கூடு முடிகிறது. உயர்ந்த இனங்களின் கூட்டில் அறுபடாத ஒரே இழை ஆயிரம் மீட்டரையும் தாண்டும். அந்த வீட்டில் அப்போது வளர்த்த கலப்பினத்தின் மஞ்சள் கூட்டில் அவ்வளவு இல்லை.

கூட்டுக்குள் புழு இன்னொரு முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகும். முதலில் அதன் தோல் மிக மென்மையாக இருப்பதால் ஆறாம் நாளை ஒட்டியே கூட்டைப் பறிப்பார்கள். முன்னதாகப் பறித்தால் நசுங்கி உள்ளிருந்து கறைபடும். கூட்டுப்புழு உண்பதில்லை, கழிப்பதில்லை, நகர்வதில்லை. ஆனால் மூச்சு விடுகிறது. சேமித்த கொழுப்பை எரித்து, பழைய திசுக்களைக் கரைத்து, சிறகையும் விழியையும் கட்டுகிறது. எரிக்கும் கொழுப்புக்கும் வெளியேறும் நீருக்கும் ஏற்பக் கூட்டின் எடை நாள்தோறும் குறைகிறது. சந்தையில் கூட்டுக்கு விலை எடைக்குத்தான். ஒரு நாள் தாமதித்தால் அந்த நாளின் மூச்சுக்கு வீட்டார் விலை கொடுக்க வேண்டும். மூட்டையாக இறுக்கிக் கட்டினாலோ உள்ளே மூச்சின் வெப்பம் தேங்கிக் கூட்டுப்புழுக்கள் செத்து, கசிந்து, கூடு கெடும். ஆகவே தளர்வாகக் கட்டி, இரவுக் குளிரில் தருமபுரிக்கோ ராமநகரத்துக்கோ ஏற்றிப் போனார்கள். சுவாசம் என்பது உணவை எரித்து ஆற்றல் பெறுவது என்று பாடநூல் எழுதியதை அந்த வீட்டார் தராசில் படித்தார்கள்.

நூலுக்குப் போகும் கூடுகளில் கூட்டுப்புழு வெப்பத்தால் கொல்லப்படும். விதைக்கூடுகளின் வழி வேறு. அவை முட்டை உற்பத்தி செய்யும் வித்தகங்களுக்குப் போகும். கூடு கட்டிய இரண்டு வாரத்துக்குள் அந்துப்பூச்சி ஒரு நொதியைச் சுரந்து கூட்டின் முனையை இளக்கி, விடியற்காலையில் வெளியே வருகிறது. அதற்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்ற இலையின் எச்சத்தில்தான் மீதி வாழ்வு. சிறகு இருந்தும் பறக்காது. பெண் வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை விரித்து மணம் பரப்ப, ஆண் சிறகு படபடக்கச் சுற்றி வந்து சேரும். அந்த மணப் பொருளான பாம்பிகாலைப் பூடெனாண்ட் குழு 1959-இல் அடையாளம் கண்டது. வேதியியல் அமைப்பு அறியப்பட்ட முதல் ஃபெரோமோன் அதுதான். அதற்குச் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன.

இணைந்த பெண் ஓர் இரவில் நானூறு, ஐந்நூறு முட்டையிட்டுச் சில நாளில் இறக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இருபருவ இனத்தின் முட்டை இட்டவுடன் வளராமல் உறக்கத்துக்குப் போகும் தன்மை உடையது. எந்த முட்டை உறங்க வேண்டும் என்பதைத் தாய் முட்டையாக இருந்தபோது பட்ட வெப்பமும் வெளிச்சமும் தீர்மானிக்கின்றன: 25 டிகிரியில் ஒளியோடு அடைகாக்கப்பட்ட தாய் உறங்கும் முட்டையை இடுவாள், 15 டிகிரியில் இருட்டில் வைக்கப்பட்டவள் உறங்காத முட்டையை இடுவாள். உறங்கும் முட்டையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்து எழுப்புவது வித்தகங்களின் அன்றாட வேலை.

முட்டையிட்டு முடித்த தாயை வித்தகத்தில் தூக்கி எறிவதில்லை. பெப்ரின் என்ற நோயின் நுண்ணுயிர் தாயிடமிருந்து முட்டைக்குள் புகுந்து அடுத்த தலைமுறைக்கும் போகும். 1865-இல் தென் பிரான்சின் அலெஸ் நகருக்குச் சென்ற லூயி பாஸ்தர் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதற்கு ஒரு வழி வகுத்தார்: தாயின் உடலை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய்த் துகள் தெரிந்தால் அவள் இட்ட முட்டைகளை அழிப்பது. தேன்கனிக்கோட்டை வீட்டுக்கு வந்த ஒவ்வோர் அட்டையும் அந்தச் சோதனையைக் கடந்தே வந்தது. இன்றும் நோயற்ற முட்டைத்தொகுதி என்று சான்று பெறும் அட்டைகள் அதே முறையில்தான் சோதிக்கப்படுகின்றன.